பழைய செல்போனைக் கடையில் போடாதீர்கள், தோழர்களே

சென்ற மாதம் எங்கள் படிப்பகத்துக்கு வெள்ளையடித்தோம். சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் இடையே ஒரு காலனியில் இருக்கும் சின்ன ஓட்டுக் கட்டடம் அது. அலமாரியை நகர்த்தியபோது பின்னால் செருகியிருந்த பிஸ்கட் டின் ஒன்று கீழே விழுந்தது. திறந்தால் உள்ளே ஒன்பது பழைய செல்போன்கள். ஒன்றுக்கு மூடி இல்லை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. இன்னொன்றில் எண்கள் தேய்ந்து வெறும் வெள்ளை ரப்பர்தான் மிச்சம்.

உதவிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர், "எடைக்குப் போட்டுடலாமாண்ணே?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றோம். ஏன் என்று அவர் கேட்டபோது யாருக்கும் உடனே பதில் வரவில்லை. "சும்மா, ஞாபகத்துக்கு" என்று ஒருவர் சமாளித்தார்.

பழைய செல்போன் மேல் பாசம் எல்லா வீட்டிலும் உண்டு. முதல் சம்பளத்தில் வாங்கியது, கல்யாணத்துக்கு முன் ராத்திரியெல்லாம் பேசியது என்று ஆளுக்கொரு கதை இருக்கும். நம் வீடுகளில் அந்தப் பாசத்துக்குப் பின்னால் ஒரு சமூக வரலாறும் இருக்கிறது. அதை நாம் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் "எடைக்குப் போடலாமா" என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாமல் போனது. அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

செய்தி சுமந்த கால்கள்

ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் வெளியூர் உறவுகளுக்குச் சொல்லப் போனவர் யார்? நம் தாத்தா. வெயிலோ மழையோ நடந்து போக வேண்டும். சொந்தக்காரர் வீட்டு வாசலில் எட்ட நின்று சேதியைச் சொல்ல வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இழவு சொல்லப் போவது, பறையடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது எல்லாம் கூலி பேசி ஒத்துக்கொண்ட வேலைகள் இல்லை. பிறப்பைக் காட்டித் தலையில் கட்டியவை. மறுத்தால் வயல் வேலை நிற்கும், பாதை அடைபடும்.

இந்த அடிமைத்தனத்தை எதிர்த்த தலைவர்களில் ஒருவர் நம் மண்ணின் எல். இளையபெருமாள். காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924இல் பிறந்தவர். 1952இல் முதல் நாடாளுமன்றத்துக்குக் கடலூரிலிருந்து சென்றவர். தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் நிலையையும் ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1969இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கையை மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

ஊரின் செய்தியைத் தலைமுறை தலைமுறையாகக் காலால் சுமந்தவர்களுக்கு, தங்கள் செய்தியை அனுப்ப ஒரு வழி இருந்ததா? இதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பி.பி. நம்பர்

பழைய தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டு மாவட்டங்களாகப் பிரிந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒரு தொலைபேசிதான் இருந்தது. அந்த ஒன்று எங்கே இருந்தது என்று கேளுங்கள். பண்ணையார் வீட்டில், அரிசி ஆலையில், ஊர்த்தெருக் கடையில். நமக்குச் சிதம்பரம் கீழவீதிக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்பதுதான் வழி. சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பேச வேண்டும்.

இன்றைய மாணவர்களுக்கு "பி.பி. நம்பர்" என்றால் தெரியாது. வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று எழுதுவார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டார் வந்து கூப்பிடுவார்கள். நகரத்தில் இது சாதாரண அண்டை வீட்டு உதவி. காலனியிலிருந்து வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு அது சாதிக் கேள்வி. ஊர்த்தெருவில் யார் எண் கொடுப்பார்? கொடுத்தாலும் நம் தெருவுக்கு வந்து யார் கூப்பிடுவார்?

எங்கள் தோழர் ஒருவரின் அப்பா வெளியூர் மருத்துவமனையில் இறந்தபோது, இரவு எட்டு மணிக்கே பி.பி. எண்ணுக்குத் தகவல் வந்துவிட்டது. வீட்டாருக்குத் தெரிந்தது மறுநாள் காலை. கேட்டபோது வந்த பதில்: "ராத்திரியில அந்தப் பக்கம் யாரு வர்றது?" அவர்கள் வீட்டு இழவைச் சொல்ல எத்தனை ராத்திரி நடந்த குடும்பம் அது! அந்தத் தோழர் வாங்கிய முதல் செல்போனை இன்னும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதற்குப் பெயர் பழைய பொருள் மோகம் என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்ள முடியுமா?

1999 செப்டம்பர் நாடாளுமன்றத் தேர்தலையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதுவரை தேர்தலைப் புறக்கணித்து வந்த தொல். திருமாவளவன் முதல்முறையாகச் சிதம்பரத்தில் நின்றார். தோற்றாலும் இரண்டேகால் லட்சம் வாக்குகள் வந்தன. வாக்களித்ததற்காகவே சேரிகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன. எங்கள் பகுதியில் ஒரு தெரு எரிவதை அடுத்த காலனிக்குச் சொல்லச் சைக்கிளில்தான் ஆள் போனார். மெயின் ரோட்டில் போக முடியாது. வாய்க்கால் கரை வழியாக, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

ஒரு ரிங், இரண்டு ரிங்

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் ஒன்றிய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். பேசுகிறவர் மட்டுமல்ல, கேட்கிறவரும் கட்ட வேண்டும். அன்றைய செல்போன் முதலாளிகளின் இடுப்பில் தொங்கிய பொருள்.

மாற்றம் வந்தது 2003இல். அந்த ஆண்டு மே மாதம் முதல், அழைப்பவர் மட்டும் கட்டணம் கட்டினால் போதும் என்றானது. "இன்கமிங் ஃப்ரீ" என்ற இரண்டு சொற்கள் நம் தெருக்களுக்குள் நுழைந்தது அப்படித்தான். அதே ஆண்டில் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத விசைப்பலகை, தலையில் ஒரு டார்ச் லைட். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு அந்த டார்ச் பெரிய விஷயம். தெருவிளக்கு காலனி முனையிலேயே நின்றுவிடும். வரப்பில் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், ராத்திரி பெண்கள் வெளியே போய்வருவதற்கும் அதுதான் வெளிச்சம்.

எங்கள் குழுவில் நால்வருக்கு ஒரே போன். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த வாரத்துக்குப் பொறுப்பாளர். பத்து ரூபாய் டாப் அப் போட்டால் மிஸ்டு கால் கொடுத்தே ஒரு மாதம் ஓட்டுவோம். ஒரு ரிங் என்றால் கூட்டம் உண்டு. இரண்டு ரிங் என்றால் போலீஸ் வந்திருக்கிறது, தெருவுக்கு வராதே. தொடர்ந்து அடித்தால் உடனே எடு. காசே செலவாகாத தந்தி அது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பல நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் ஒரு போன் சார்ஜ் ஏற்றப் பத்து ரூபாய் வாங்கினார்கள். கூரை போன வீட்டில் சோற்றுக்கு வழியில்லாதபோதும், அந்தப் பத்து ரூபாயைத் தேடிக்கொடுத்தவர்களை நாங்கள் பார்த்தோம். திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போயிருந்த பிள்ளைகளுக்கு "உயிரோட இருக்கோம்" என்று சொல்ல வேண்டும் அல்லவா?

அந்தப் போன்களைச் செய்த கைகளையும் மறக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலையில் கிராமங்களிலிருந்து போன இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். 2010இல் ஒரு பெண் தொழிலாளி அங்கே எந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2014 நவம்பர் முதல் நாள் ஆலை மூடப்பட்டது. ஒரு பழைய நோக்கியாவைக் கையில் எடுக்கும்போது அந்த உழைப்பும் நினைவுக்கு வர வேண்டும்.

நினைவு மட்டும் சாட்சியாக இருந்த காலம்

இன்கமிங் இலவசமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, முருகேசனும் கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது. முருகேசன் வேதிப் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர். இருவரும் கடலூர் மாவட்டம் விருத்தாசலம் அருகே உள்ள புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள். 2003 ஜூலை 8 அன்று இருவருக்கும் ஊரார் முன்னிலையில் நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல்துறை வழக்கையே திரித்தது. பிறகு மத்தியப் புலனாய்வுத் துறை கைக்கு வழக்கு போனது. கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பர் 24 அன்று. பதினெட்டு ஆண்டுகள். தண்டனை பெற்றவர்களில் இரண்டு காவல்துறை அதிகாரிகளும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

இந்த வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கடைசிவரை நின்றது முருகேசன் குடும்பத்தின் வாய்மொழிச் சாட்சியம்தான். மிரட்டலையும் ஆசை காட்டுதலையும் தாண்டிப் பதினெட்டு ஆண்டுகள் ஒரு நினைவைச் சுமப்பது எவ்வளவு பெரிய பாரம்! அடுத்த தலைமுறை அதே பாரத்தை வெறும் நினைவில் மட்டுமே சுமக்கக் கூடாது. இங்கேதான் செல்போனின் இன்னொரு வேலை தொடங்குகிறது.

கேமரா வந்தபோது

கேமரா போன் வந்ததும் முதலில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றினோம். அம்பேத்கர் பாடல்களையும் தலைவர்களின் பேச்சுகளையும் பத்து ரூபாய்க்கு ஏற்றித் தரும் கடைகள் இருந்தன. ஒரு கார்டு காலனி முழுக்கச் சுற்றும். ஆதிக்க சாதியினர் இதைக் கவனிக்காமல் இல்லை. 2012இல் நம் இளைஞர்களின் ஜீன்சும் கூலிங் கிளாசும் மேடை போட்டுத் திட்டும் விஷயமாயின. கையிலிருந்த செல்போனும் அந்தச் சந்தேகப் பார்வைக்குத் தப்பவில்லை. அந்த நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. நம் கையிலிருக்கும் ஒரு சின்னப் பொருள் இத்தனை ஆத்திரத்தைக் கிளப்புகிறது என்றால், அது நமக்கு எதைக் கொடுத்திருக்கிறது என்பது விளங்கும்.

2020 அக்டோபரில் ஒரு படம் தமிழ்நாட்டையே உலுக்கியது. புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஊராட்சி மன்றத் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்தின் படம் அது. வெளியே வந்ததும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றதை, 17 வயதுப் பெண் ஒருவர் தன் செல்போனில் பதிவு செய்தார். அந்தப் பதிவு இல்லையென்றால் அந்தச் சாவும் காவல்துறையின் அறிக்கையில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

நாங்கள் தொலைத்த போன்

இப்போது எங்கள் தவறைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலனியில் திருவிழா ஊர்வலத்தின்போது கல்வீச்சு நடந்தது. எங்கள் தோழர் ஒருவர் மாடியிலிருந்து நான்கு நிமிடம் வீடியோ எடுத்தார். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினோம். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் சலுகையில் அவர் அந்தப் போனைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார். பழையதற்கு எழுநூறு ரூபாய் கழித்துக்கொண்டார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "எடுத்த போன் எங்க?" எங்களிடம் இருந்தது பலமுறை கைமாறித் தரம் குறைந்த நகல் மட்டும். எந்தக் கருவியில், எந்த நேரத்தில் எடுத்தது என்பதைக் காட்ட வழியில்லை. அந்த எழுநூறு ரூபாயின் விலை அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விளக்கியது. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பதிவு முதலில் சேமிக்கப்பட்ட கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி நின்று தாக்கல் செய்து நிரூபித்தால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. அப்படித் தாக்கல் செய்யக்கூடிய கருவிகளில் செல்போனையும் தீர்ப்பு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மூலக் கருவி கையில் இருப்பதே நமக்குப் பலம்.

அழைப்புப் பட்டியல் கம்பெனியிடம் இருக்கும் என்று நம்பியும் இருக்க வேண்டாம். நிறுவனங்கள் அதைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதுதான் விதி. நம் வழக்குகள் இரண்டு ஆண்டுகளிலா முடிகின்றன?

காகிதக் கட்டைக் காத்தவர்கள்

பாசத்தால் ஒரு பொருளைக் காப்பது வரலாற்றுக்கு என்ன செய்யும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் "பறையன்" இதழைத் தொடங்கினார். இன்று அதன் இதழ்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கினார். அதற்கு வேறு கதி வாய்த்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் செல்லரித்த இதழ்களை வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் நூலாக வெளிவந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாடு அவரை மறுபடி படிக்கத் தொடங்கியது.

"இந்தக் குப்பையை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வியை அந்தக் காகிதக் கட்டை வைத்திருந்தவர்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். அவர்கள் எடைக்குப் போடவில்லை. அதனால் நமக்கு அயோத்திதாசர் கிடைத்தார்.

என்ன செய்யலாம்

ஒன்பது போன்களுக்கும் எங்கள் படிப்பகத்தில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. யாருடையது, எந்த ஆண்டு வாங்கியது, எந்தப் போராட்டத்தில் பயன்பட்டது என்று எழுதியிருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊரில் இதைச் செய்யலாம்.

உப்பியிருக்கும் பேட்டரியை எக்காரணம் கொண்டும் சார்ஜில் போடாதீர்கள். கழற்றித் தனியே அப்புறப்படுத்துங்கள். நோக்கியா 1100க்கான பி.எல். 5சி பேட்டரி இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பெரிய பின், சின்ன பின் சார்ஜர்களை ரிப்பேர் கடைகளில் கேட்டு வாங்கி வையுங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது உயிர் கொடுத்துப் பாருங்கள். குறுஞ்செய்திகளைத் திரையோடு படமெடுத்து, நோட்டிலும் எழுதுங்கள். மெமரி கார்டை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். வழக்கில் உள்ள பதிவு என்றால் எதையும் அழிக்காமல், திருத்தாமல், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அதில் பிறர் முகமும் பெண்களின் எண்களும் இருக்கும். அவர்கள் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது.

எங்கள் ஒன்பதில் மூன்றுதான் உயிர் பெற்றன. ரப்பர் பேண்ட் போட்டிருந்தது 2014இல் சாலை விபத்தில் இறந்த எங்கள் தோழருடையது. அவர் அம்மா நான்கு ஆண்டுகள் அதைப் புடவை மடிப்பில் வைத்திருந்து, பிறகு எங்களிடம் கொடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "மேலேர்ந்து மூணாவது பேரு என் தம்பியுது" என்று மட்டும் தெரியும்.

புது பேட்டரி போட்டதும் திரை எரிந்தது. பெட்டியில் சில டசன் செய்திகள். ஒன்றின் தேதி 2009 மே 16, நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். 1999லும் 2004லும் தோற்ற சிதம்பரத்தில் நாம் வென்ற நாள். எண்ணிக்கை மையத்து வாசலில் நின்ற யாரோ ஒரு தோழர், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தார்: "ஜெயிச்சிட்டோம். அம்மாகிட்ட சொல்லு."

நாங்கள் அம்மாவைத் தேடிப் போய் அதைப் படித்துக் காட்டினோம். போனைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கே ஓடியாந்து சொன்னான்பா."

நோட்டில் அந்த வரியையும் எழுதி வைத்திருக்கிறோம்.